கிணற்றடி ஆப்பிளுக்கு ஒரு சத்தியம்

"முதலில் அந்தக் கிழட்டு மரங்களை வெட்டித் தள்ளுங்கள், வீட்டுக்கே ஒரு களை வந்துவிடும்" என்றுதான் வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் சொன்னான்.

அது 1990, அக்டோபர் மாதம். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து காரில் இருபது நிமிடம். பெயிண்ட் உரிந்த பழைய பண்ணை வீடு, அதைச் சுற்றி ஏழு ஏக்கர் நிலம். மருந்துக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்த கிட்டுசாமிக்கு வீடு பிடித்ததோ இல்லையோ, அந்த 'ஏழு ஏக்கர்' பிடித்துவிட்டது. அடுத்த பார்ட்டியில் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா! அவர் ஏஜெண்டிடம் கொதிகலன், கூரை என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி சாந்தாமணி புல் மண்டிய கொல்லைப்பக்கம் தனியாக நடந்து போனாள். திரும்பி வந்தபோது புடவைத் தலைப்பில் ஏழெட்டுப் பழங்கள்.

"ஏனுங்க, இதைத் தின்னு பாருங்க."

"என்ன அம்மிணி இது? உருளைக்கிழங்காட்ட இருக்குது."

"ஆப்பிளுங்க. தின்னு பாருங்க."

சொரசொரவென்று பழுப்புத் தோல் மூடிய அந்தப் பழத்தைக் கடித்தவர், முழுசையும் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினார். பதினெட்டு வருஷம் அமெரிக்காவில் ஆப்பிள் தின்றவர்கள்தான் இருவரும். கடையில் மெழுகு பூசி வரிசையாக அடுக்கிய சிவப்புப் பழத்தைத் தவிர வேறொன்றைக் கண்டதில்லை. அன்றைக்குச் சாந்தாமணிக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த வயதில் ஒருத்திக்குக் காதல் வரலாமா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது. அந்த நிலத்தில் நின்ற பதினோரு கிழட்டு மரங்களின் மேல்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவள் நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினாள். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான ஆப்பிள் வகைகள் இருந்தன என்றும், கடைக்காரர்களுக்கு வேண்டாம் என்பதால் ஒவ்வொன்றாக அழிந்தன என்றும் படித்தபோது அழிந்தவற்றின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பழைய ஆப்பிளைக் காப்பாற்றுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருப்பதும் தெரிந்தது. வருஷாவருஷம் பிப்ரவரி கடைசியில் ஒரு சர்ச் ஹாலில் கூடுவார்கள். அவரவர் தோட்டத்துக் குச்சிகளை ஈரக் காகிதத்தில் சுற்றி, பெயரெழுதி, நீள மேசையில் பரப்பிவைப்பார்கள். வேண்டியவர் வேண்டியதை எடுத்துப்போய் ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். காசு கிடையாது. ஸ்வெட்டருக்கு மேல் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு சாந்தாமணி அங்கே போய் நின்ற முதல் நாள், சங்கச் செயலாளர் ஹெலன் அவளை வாசலில் நிறுத்தி, "யோகா வகுப்பு பக்கத்து அறையில்" என்றாள். அடுத்த வருஷம் அதே ஹெலன் அவளுக்காக முன்வரிசையில் நாற்காலி போட்டுவைத்தாள்.

ஏழே வருஷத்தில் பதினோரு மரம் அறுபத்து மூன்று மரமாயிற்று. வைன்சேப், நியூடவுன் பிப்பின், மெய்டன்ஸ் பிளஷ், ஆட்டு மூக்கு மாதிரி நீண்டிருக்கும் கில்லிஃப்ளவர் என்று ஒவ்வொன்றுக்கும் அலுமினியத் தகட்டில் பெயர் அடித்துக் கிளையில் தொங்கவிட்டாள். சனிக்கிழமைகளில் சந்தையில் கடை போட்டாள். நம்மூர்ப் பெண்கள் வந்து மூக்கைச் சுளிப்பார்கள்.

"என்ன சாந்தா அக்கா, எல்லாம் சொத்தையும் சொறியுமா இருக்கு? நல்லதா ரெண்டு காட்டுங்க."

"கடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு கண்ணு. மூஞ்சியப் பாத்தா உங்க வீட்டுக்காரரை எடுத்தே?"

சிரிப்பும் கேலியுமாகப் பழம் போகும். அவள் கையும் அந்த வருஷங்களில் மாறிவிட்டது. கட்டை விரலில் கத்தித் தழும்பு, நகக்கண்ணில் எப்போதும் ஒட்டு மெழுகு. மகள் ஸ்வர்ணாவின் கல்யாணத்தன்று மருதாணிக்காரப் பெண் அந்தக் கையைப் பார்த்து, "ஆன்ட்டி, கான்ஸ்ட்ரக்ஷன் வேலையா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தக் கல்யாணத்தைச் சொல்லும்போது பசுபதியைச் சொல்லியாக வேண்டும். பக்கத்திலுள்ள எடிசனில் பெரிய டிராவல் ஏஜென்சி நடத்தியவர். ஊரில் பாதிப்பேருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர். சாந்தாமணியின் கூடப் பிறந்த அண்ணனுக்குக் கல்யாணத்துக்கு வர விசா கிடைக்கவில்லை. தாய்மாமன் மாலையை யார் போடுவது என்று அவள் அழுதுகொண்டிருந்தபோது, பட்டுத் துணியும் மாலையுமாக வந்து நின்றவர் பசுபதி. "நானிருக்கறப்ப எந்தங்கச்சி அழுகறதா?" என்றார். அன்று முதல் அவர் அவளுக்கு அண்ணன். பொங்கல், தீபாவளி என்றால் முதல் போன் அவருடையதுதான்.

இனி அந்த மரத்துக்கு வருவோம்.

முன்பக்கம், இடிந்த பழைய கிணற்றை ஒட்டித் தனியாக நின்றது அது. நூறு வயதுக்குக் குறையாது. நடுவில் பொந்து விழுந்து, ஒரு பக்கத்துப் பட்டையில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டு நின்றது. பழம் மஞ்சள். தீபாவளி சமயத்தில் பறித்தால் பல் கூசும் புளிப்பு. பெட்டியில் வைக்கோல் போட்டு மூடி, பொங்கலுக்கு எடுத்தால் தேனாய் இனிக்கும். கடைசியில் நாக்கில் சோம்பு வாசம் நிற்கும். மற்றப் பத்துக்கும் பெயர் கண்டுபிடித்தாயிற்று. இதற்கு மட்டும் இல்லை. 1997 அக்டோபரில் ஹெலன் பழங்களை நான்கு நிபுணர்களுக்கு அனுப்பினாள். நால்வரும் ஒன்றே எழுதினார்கள்: இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வகை, உலகத்தில் இந்த ஒரு மரம்தான் இருக்கிறதோ என்னவோ, உடனே ஒட்டுக் கட்டிப் பெருக்குங்கள்.

கட்டலாம் என்றால் குச்சி வேண்டாமா? ஒட்டுக் கட்ட, போன கோடையில் வளர்ந்த பென்சில் தடிமன் குச்சி வேண்டும். அந்தக் கிழ மரமோ வருஷத்துக்கு விரல்கடைகூட வளராது. முந்தைய வருஷங்களில் இரண்டு முறை அந்த ஈர்க்குச்சிகளை வைத்துக் கட்டிப் பார்த்தாள், கருகிப்போயின. ஒரே வழி, ஒரு கிளையைக் கடுமையாக வெட்டிவிடுவது. மரம் பதறிப்போய்ப் புதுக் குச்சிகளைத் தள்ளும். 1998 மார்ச்சில், மரத்தைக் கும்பிட்டுவிட்டு, சாந்தாமணி கிளையை வெட்டினாள். ஜூலையில் அந்த இடத்தில் பச்சைப் பசேலென்று ஒரு முழ நீளத்துக்குத் துளிர்கள்! குளிரில் இலை உதிர்ந்து மரம் தூங்கும்போது, பிப்ரவரியில் அறுத்தால் போதும். மரம் பிழைத்துவிடும்.

அதே ஜூலையில்தான் முருகன் கோயில் கமிட்டி வீட்டுக்கு வந்தது.

பசுபதிதான் தலைவர். ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்து போண்டா தின்ற பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்தப் பக்கத்தில் நம் சனங்களுக்கென்று ஒரு கோயில் வேண்டும், இடம்தான் அமையவில்லை, கிட்டுசாமியின் நிலத்தில் ரோட்டோரம் மூன்று ஏக்கர் சும்மாதானே கிடக்கிறது? கிட்டுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பூமி தானம் கொடுத்த கிட்டுசாமி! கோயில் வாசலில் கல்லில் பெயர்! பூஜைக்கு முதல் சங்கல்பம்! முப்பது வருஷம் ஆய்வுக்கூடத்தில் யார் கண்ணிலும் படாமல் குழாய்களைக் கழுவிய மனிதருக்கு அந்த ஆசை வந்தது தப்பா? சாந்தாமணிகூட அதைத் தப்பென்று நினைக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"கொடுக்கலாங்கண்ணா. சாமிக்குத்தானே? ஆனா அந்த மூணு ஏக்கராக்குள்ள கிணத்தடி மரம் வருது. அதைத் தொடக்கூடாது."

"ஐயோ தங்கச்சி, தொடறதா? கோயில்னா ஸ்தல விருட்சம் வேணுமில்ல? நம்ம கோயிலுக்கு அதுதான் ஸ்தல விருட்சம்! அமெரிக்காவுல ஆப்பிள் மரத்தடியில முருகன்! நெனைக்கவே சிலுக்குது!"

"எழுத்துல ஒரு வார்த்தை—" என்று சாந்தாமணி தயங்கினாள்.

கிட்டுசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அண்ணன்கிட்டயே எழுதிக் கேப்பியா? மானம் போகுது."

பசுபதி கோபப்படவில்லை. எழுந்து பூஜை அலமாரிக்குப் போனார். தட்டில் சூடத்தை ஏற்றினார். "இந்தா, முருகன் மேல சத்தியம். அந்த மரத்துல ஒரு எலை விழுந்தாலும் எந்தங்கச்சி சொல்லித்தான் விழுகும்." உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார். அந்த நேரம் பார்த்து ஸ்மோக் அலாரம் வீல் என்று கத்த, கிட்டுசாமி துண்டை விசிறிக்கொண்டு ஓட, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாந்தாமணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அணைத்த சூடத்துக்கு மேல் அவளுக்கு எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை.

ஆகஸ்டில் ஹெலன் போன் பண்ணினாள். "குச்சிக்குப் பதில் மொட்டை மட்டும் சீவி வைத்து, மொட்டு ஒட்டு இப்போதே கட்டலாமே? துளிர் ஓரளவு முற்றியிருக்கும். பிப்ரவரிவரை எதற்குக் காத்திருக்கிறாய்?"

"இல்லை ஹெலன். அந்தக் குச்சிகளை நிம்மதியாக வளரவிடுவோம். மரத்துக்கு ஆபத்தில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்."

ஹெலனுக்குச் சூடம் என்றால் என்ன தெரியும்? "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள். வாழ்க்கையில் சாந்தாமணி செய்த தப்பு அது ஒன்றுதான்.

நவம்பரில் டெக்சஸ், ஆலனிலிருந்து ஸ்வர்ணா கூப்பிட்டாள். டெலிகாம் கம்பெனியில் வேலை, தலைப்பிரசவம், டிசம்பர் பதினாலுக்கு நாள் குறித்திருந்தார்கள். அமெரிக்காவில் வளர்ந்த பெண், தமிழ் புரியும், பேச்சில் பாதி இங்கிலீஷ்தான். "மாம், கேன் யூ கம் எர்லி? தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச உடனே? ஐம் ஸ்கேர்ட்."

பெண் பயமாக இருக்கிறது என்ற பிறகு எந்தத் தாய் நாள் பார்ப்பாள்? மறுநாளே பசுபதியின் ஏஜென்சியிலிருந்து டிக்கெட் வந்தது. பசுபதியே காரில் வந்து நூவர்க் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டார். பிரசவ லேகியப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணும் அவசரமில்ல தங்கச்சி. புள்ளைக்கு மாசம் முடிஞ்சு நிதானமா வா. இங்க எல்லாம் நான் பாத்துக்கறேன்."

எப்படிப்பட்ட அண்ணன் என்று விமானத்தில் நினைத்து நினைத்து உருகினாள் அவள்.

பிள்ளை பிறந்தது. ஆண். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சாந்தாமணி பூண்டு வதக்கினாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள், வெந்நீர் ஊற்றினாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போன் பண்ணுவாள்.

"மரம் எப்படீங்க இருக்குது?"

"மரத்துக்கென்ன, இருக்குது. பேரன் தூங்கறானா?"

டிசம்பர் இருபத்தாறாம் தேதி, பசுபதியின் மனைவி பர்வதம் பிள்ளையை விசாரிக்கக் கூப்பிட்டாள். வெள்ளந்தியான மனுஷி. "பேரன் யாராட்ட இருக்கறான்? ஆங், நல்லது. நீங்க அங்க போனதே நல்லதாப் போச்சு அக்கா. நாலு நாளா உங்க வீட்டுப் பக்கம் போனா புல்டோசர் சத்தம் காதைப் பொளக்குது. நீங்க இருந்திருந்தா அந்த மரம் விழுகறதைக் கண்ணால பாத்துத் தாங்கியிருப்பீங்களா? அதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, அக்காவை முன்கூட்டியே அனுப்பிச்சுரோணும்னு."

சாந்தாமணியின் கையிலிருந்த போன் நழுவவில்லை. அவள் மயங்கியும் விழவில்லை. "சரி பர்வதம், குழந்தை அழுகறான்" என்று வைத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

அறைக்குள் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

"மரத்தை வெட்டீட்டாங்களாம்."

ஸ்வர்ணா அதிர்ச்சியடையவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"மாம்... ப்ளீஸ்."

"பயமா இருக்குதுன்னு கூப்பிட்டியே, அது?"

"டாட் ஆஸ்க்ட் மீ. நீ இருந்தா ஃபைட் ஆகும், உனக்கு பிபி ஏறும்னார். அண்ட் ஐ டிட் நீட் யூ. தட் வாஸ் ட்ரூ." அழ ஆரம்பித்தாள். "மாம், இட்ஸ் எ ட்ரீ. ஒரு மரம்தானே!"

பெற்ற மகளே தூண்டில் முள்ளில் புழுவாக இருந்திருக்கிறாள்! அடிவயிற்றில் தையலோடு படுத்திருப்பவளை என்ன செய்ய முடியும்? சாந்தாமணி தலையணையைச் சரிசெய்து வைத்தாள். "பாலு கட்டிக்கும், அழுகாதே" என்றாள். பிறகு சமையலறைக்கு வந்து கணவருக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணும் பேசவேண்டாங்க. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. வெட்டின கிளையெல்லாம் எங்கே?"

"அங்கதான்... குவிச்சு வெச்சிருக்குது. டவுன்ஷிப்புல சொல்லீட்டாங்க அம்மிணி, பார்க்கிங் பத்தாதுன்னு, நாங்க என்ன—"

"பனி பெய்யுதா?"

"பெய்யுது."

"அப்ப குச்சிக்கு இன்னும் உசுரிருக்கும். நான் மார்ச்சுல வெட்டிவிட்ட கிளை தெரியுமில்ல? அதுல மொழ நீளத்துக்குப் புதுக்குச்சி இருக்கும். இப்பவே போய் அறுங்க. எத்தனை கிடைக்குதோ அத்தனை. ஈரப் பேப்பர்ல சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு, பேஸ்மென்ட் ஃப்ரிட்ஜில வைங்க. அந்த ஃப்ரிட்ஜில பழம் எதையும் வைக்கக்கூடாது. ஒரு பழம்கூட. பழம் விடற மூச்சுல தூங்கற மொட்டு செத்துப்போகும். சொல்லுங்க, என்ன சொன்னேன்?"

"பழம் வைக்கக்கூடாது."

"இன்னொருக்கா."

"பழம் வைக்கமாட்டேன் அம்மிணி. மருதமலையான் சத்தியமா."

"சத்தியம் வேண்டாங்க. செஞ்சா போதும்."

ஓடிப்போய் அவளே அறுத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வேலை விஷயமாக சான்டா கிளாரா போயிருந்தார். தையல் பிரியாத பெண்ணையும் பன்னிரண்டு நாள் பிள்ளையையும் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவாள்? மாசம் முடியும்வரை இருந்தாள். மூன்று வேளையும் பத்தியச் சோறு ஊட்டினாள். அன்பில் ஒரு குறை வைக்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். ஏர்போர்ட்டில் ஸ்வர்ணா காலில் விழப் போனபோது, "ஆபரேஷன் ஒடம்பு, குனியாதே" என்று தடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜனவரி பதினெட்டு. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக்கூட வைக்காமல் கிணற்றடிக்குப் போனாள். கிணறும் இல்லை. சமமாக நிரவிய செம்மண் மேல் பனி. கிளைக் குவியலை இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கி எடுத்துப் போயிருந்தார்கள். கிட்டுசாமி பின்னாலேயே வந்தார்.

"முப்பத்திரண்டு குச்சி அறுத்து வெச்சிருக்கேன் அம்மிணி. பத்திரமா இருக்குது. டவுன்ஷிப்காரன் மட்டும் ஒத்துக்கிட்டிருந்தா—"

அந்த 'டவுன்ஷிப்காரன்' அவளுக்கு உறுத்தியது. மறுநாள் தானே கார் ஓட்டிக்கொண்டு, நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரியான டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போனாள். கட்டட வரைபடங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். கண்ணாடி போட்ட பெண்மணி ஒருத்தி இரண்டு சுருள்களைக் கொண்டுவந்து விரித்தாள். முதல் வரைபடத்தில் கிணற்றடி மரத்தைச் சுற்றி வட்டம் போட்டு, 'அப்படியே இருக்கும்' என்று எழுதியிருந்தது. டவுன்ஷிப்புக்கு அதில் ஆட்சேபமில்லை என்று ஓரத்தில் குறிப்பும் இருந்தது. இரண்டாவது, கோயில்காரர்களே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டது. கல்யாண மண்டபத்துக்கு இன்னும் முப்பது கார் நிற்க இடம். வட்டம் இருந்த இடத்தில் கட்டங்கள். கீழே விண்ணப்பித்தவர் பெயர் பசுபதி. நில உரிமையாளர் சம்மதம்: கிட்டுசாமி. அந்தக் கோணல் கையெழுத்தை இருபத்தேழு வருஷமாக அவளுக்குத் தெரியும். தேதி: ஆகஸ்டு ஏழு.

சூடம் அணைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவள் ஹெலனிடம் 'வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்' என்று சொன்ன அதே வாரம்.

கையெழுத்தைப் போட்டுவிட்டு அந்த மனிதர் வீட்டுக்கு வந்து அவள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறார். செப்டம்பரில் அவளோடு சேர்ந்து அந்த மரத்தடியில் நின்று, துளிர் எவ்வளவு நீளம் என்று சாண் போட்டு அளந்திருக்கிறார்! சாந்தாமணி அந்தப் பெண்மணிக்கு நன்றி சொன்னாள். காரில் வந்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் தலையை வைத்து, ஐம்பது தாண்டியவள் அழக்கூடாத மாதிரி அழுதாள்.

வீட்டுக்கு வந்து எதையும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலையும் நம்ப வேண்டியிருக்கும். குச்சிகள் இருக்கின்றன, ஏப்ரல் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். திறந்து திறந்து மூடினால் குளிர் போய்விடும் என்று அந்த ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. அவள் அலறுவாள், சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்த கிட்டுசாமிக்கு அவளுடைய மௌனம் பயத்தைத்தான் கொடுத்தது. இரண்டு தடவை கேட்டார். "கோவமா அம்மிணி?" இரண்டு தடவையும் அவள், "சாப்புடுங்க" என்றாள்.

தைப்பூசத்தன்று பூமி பூஜை. குளிரில் முந்நூறு பேர் கோட்டும் பட்டுமாகக் கூடாரத்துக்குள் நிரம்பினார்கள். ஒன்பதரைக்கு நல்ல நேரம். கிட்டுசாமி பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். பர்வதம் ஓடிவந்தாள்.

"அக்கா, அபிஷேகத்துக்குப் பழம் எடுக்கோணும். உங்க பேஸ்மென்ட் ஃப்ரிட்ஜிலதான் இருக்குது."

"எந்தப் பழம்?" என்றாள் சாந்தாமணி.

படியிறங்கிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கடை ஆப்பிள், பெட்டி பெட்டியாக. மெழுகு மினுங்கும் சிவப்பு. மேல் தட்டில் வாழைப்பழச் சீப்புகள். கீழே, அந்தப் பெட்டிகளுக்கு அடியில் அமுங்கி, ஈரப் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். கிட்டுசாமி தன் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'கிணத்தடி மரம் – 32'. பிரித்தாள். ஒரு மொட்டைக் கத்தி நுனியால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சையாக இருக்க வேண்டியது காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

பின்னாலேயே கிட்டுசாமி இறங்கி வந்திருந்தார்.

"எப்ப வெச்சீங்க இதையெல்லாம்?"

"அது... வாழைப்பழம் நேத்து. ஆப்பிளு புத்தாண்டுக்கு மறுநாள். கமிட்டியில பழம் மொத்தமா வாங்கீட்டாங்க. அண்ணன் இங்க வெக்கச் சொன்னாரு."

"என்ன சொன்னேன் உங்ககிட்ட? ரெண்டு தடவை சொல்ல வெச்சேனே!"

"அண்ணன் கேக்கறப்ப எப்படி அம்மிணி வேண்டாங்கறது? சாமிக்கு வாங்கின பழம்..."

அப்போதுதான் சாந்தாமணிக்கு அந்த மனிதர் முழுசாகப் புரிந்தார். அவர் அவளை வெறுத்ததில்லை. மரத்தை வெறுத்ததில்லை. குளிரில் விரல் விறைக்க நின்று முப்பத்திரண்டு குச்சி அறுத்தது நிஜம். ஆனால் பசுபதியிடம் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் வராது. தன்னை விற்கச் சொன்னாலும், 'அண்ணன் கேட்டாரே' என்று விற்றுவிட்டு வந்து கண் கலங்குவார். ஒரு பகைவனோடு வாழ்ந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மேலே பசுபதி மைக்கில் கூப்பிட்டார். "பூமி தானம் பண்ணின கிட்டுசாமி, சாந்தாமணி தம்பதி சங்கல்பத்துக்கு வாங்க!"

கூடாரத்தில் இரண்டு மணைகள் போட்டிருந்தன. கிட்டுசாமி போய் வலப்பக்கம் உட்கார்ந்தார். சாந்தாமணி மணைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் அந்தப் பொட்டலம்.

"உக்காரு தங்கச்சி, நேரமாகுது" என்றார் பசுபதி.

"நான் உக்காரலீங்க."

'அண்ணா' என்ற சொல் அங்கே இல்லாததைப் பசுபதி கவனித்தார். சிரித்துச் சமாளித்தார். "என்னம்மா வெளையாட்டு? சம்சாரம் பக்கத்துல இல்லாம அவரு எப்படி சங்கல்பம் பண்ணுவாரு?"

"ஆகஸ்டு ஏழாந்தேதி கையெழுத்துப் போடறப்ப நான் பக்கத்துல இல்லீங்களே. அப்ப எப்படிப் பண்ணினாரோ அப்படியே பண்ணட்டும்."

முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கிட்டுசாமியின் முகம் சாம்பலாயிற்று. "அம்மிணி..." என்று கையை நீட்டினார். "எல்லாரும் பாக்கறாங்க. உக்காந்துரு. வீட்டுக்குப் போயி என்ன வேணாலும் சொல்லு."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் அவள். திரும்பி நடந்தாள். பட்டுப்புடவைகள் ஒதுங்கி வழிவிட்டன.

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். பசுபதி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நல்ல நேரம் போயிரும். கிட்டு, நீ எந்திரி. பர்வதம், வா, நாம உக்காரலாம்." மூன்று ஏக்கர் கொடுத்தவர் மணையிலிருந்து எழுந்து, கோட்டு போட்ட கூட்டத்தில் ஓர் ஓரமாகப் போய் நின்றார். சங்கல்பம் பசுபதியின் பெயருக்கு நடந்தது. பின்னால் கல்லில் வெட்டியபோதும் முதல் வரி அவருடையதாகத்தான் இருந்தது.

செத்த மொட்டென்று தெரிந்தும் சாந்தாமணி ஏப்ரலில் முப்பத்திரண்டையும் ஒட்டுக் கட்டினாள். முப்பத்திரண்டில் ஒரு மொட்டாவது உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்காதா? மேலே கட்டும் குச்சிக்கு அடியில் வேர் கொடுக்கிற வேறு ஆப்பிள் செடிகளை, வேர்ச்செடிகளை, ஹெலன் கொண்டுவந்து இறக்கினாள். 'நான் அப்போதே சொன்னேன்' என்று ஒரு வார்த்தைகூட அவள் சொல்லவில்லை. சாந்தாமணியைச் சுற்றியிருந்தவர்களில் அவளைக் காட்டிக்கொடுக்காத ஒரே ஜீவன்.

மேல் அறையிலிருந்த தன் துணிமணிகளை எல்லாம் தோட்டத்தைப் பார்த்த கீழறைக்கு மாற்றிக்கொண்டாள் சாந்தாமணி. சமைத்து மூடிவைப்பாள். கிட்டுசாமி தானே போட்டுச் சாப்பிடுவார். கோயிலுக்கு அவர் போவதும் நின்றது. பசுபதியிடமிருந்து போன் வருவதும் நின்றது. நிலம் பதிவான பிறகு போனுக்கு என்ன வேலை?

ஜூன் மாதம் ஒரு காலையில் கிட்டுசாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். வேட்டி நுனியெல்லாம் பனித்துளி.

"அம்மிணி! அம்மிணி! துளுத்திருச்சு! வந்து பாரு, பதினஞ்சு, இருவது செடியில பச்சை வந்திருக்குது! மரம் பொழச்சிருச்சு அம்மிணி!"

ஆறு மாதத்தில் அவர் முகத்தில் முதல் சிரிப்பு. கண்ணில் நீர் கூட. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள். வரிசையாக நின்ற செடிகளுக்கு முன் குந்தினாள். துளிர்த்திருந்தது நிஜம்தான். ஆனால் எல்லாம் கட்டுக்குக் கீழே. கட்டுக்கு மேலே முப்பத்திரண்டு குச்சியும் கருத்துச் சுருங்கி நின்றன.

"இது வேர்ச்செடியோட துளிருங்க" என்றாள். "நம்ம மரம் கட்டுக்கு மேல. அதுல ஒண்ணுமில்ல."

கிட்டுசாமிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியல அம்மிணி. பச்சையப் பாத்ததும் நான்..." அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அவள் அவரைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, முதல் செடியின் கட்டை அவிழ்த்தாள். செத்த குச்சியை உருவிக் கூடையில் போட்டாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"என்ன பண்றே?"

"ஆகஸ்டுல இதுல வைன்சேப் மொட்டுக் கட்டப்போறேன். வேரு நல்லா இருக்குது."

"நான் ஏதாவது ஒத்தாசை பண்ணட்டுமா?"

சாந்தாமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தேழு வருஷம் நம்பிய முகம். மழித்து நான்கு நாளாகியிருந்தது.

"வேண்டாங்க" என்றாள். வரிசையில் இன்னும் முப்பத்தொன்று இருந்தன.